கடல் படிப்புக்குத் தீவுக்கே போகணுமா?

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். வெளிநாட்டில், அதுவும் ஒரு தனித்தீவில் இருக்கிற ஆராய்ச்சி நிலையத்தில் கடல் அறிவியல் படிக்க வேண்டும் என்று ஆசை. ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவு, நார்வேயின் ஸ்வால்பார்ட் இரண்டையும் வீடியோவில் பார்த்துப் பார்த்து மனப்பாடமே ஆகிவிட்டது. அந்தேரியில் ஒரு ஏஜென்சியில் விசாரித்தோம். ஆஸ்திரேலியாவில் இடம் வாங்கித் தருகிறோம், இந்த மாதமே முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். அப்பா சீக்கிரம் ரிட்டயர் ஆகப்போகிறார், வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார், ஆனால் அவருக்கு மனசில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. தாத்தா தூத்துக்குடிக்காரர், "கடலைப் படிக்க எதுக்குட்டி கடல் தாண்டணும்" என்று சிரிக்கிறார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் பெண் தனியாக இருப்பதும் சாப்பாடும்தான் கவலை. எனக்கு நீச்சல் தெரியாது. எந்தத் தீவு நல்லது? படித்துவிட்டுத் திரும்பி வந்தால் வேலை கிடைக்குமா? பி.கு.: சின்ன வயதில் எனக்கு வீசிங் இருந்தது, இப்போது இல்லை. அது ஒரு பிரச்சினையா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், செம்பூர், மும்பை

பதில்: முதலில் ஏஜென்சி விஷயம். இந்த மாதம் ஒரு பைசா கட்டாதீர்கள். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. இந்த மாதிரி ஏஜென்சிகள் பலவற்றுக்கும் மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கிறது, அதனால் கமிஷன் வராத இடங்களைப் பற்றி அவர்கள் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் கேட்டது தீவு, அவர்கள் விற்பது பிரிஸ்பேன் நகரத்து வகுப்பறை. இதை உங்களிடம் யாருமே சொன்னதாகத் தெரியவில்லை.

தனித்தீவு ஆராய்ச்சி நிலையங்கள் அநேகமாக எதுவும் பட்டம் தருவதில்லை. பட்டம் தருவது ஊருக்குள் இருக்கும் பல்கலைக்கழகம், தீவு அதன் களம். ஒரு பாடத்துக்காக ஒரு வாரம், பத்து நாள் கூட்டிக்கொண்டு போவார்கள், உங்கள் ஆய்வே அங்கே அமைந்தால் சில வாரமோ சில மாதமோ தங்கலாம். மீதிக் காலமெல்லாம் வகுப்பறை, ஆய்வகம், கம்ப்யூட்டர், புள்ளியியல். அதிலும் புள்ளியியல் நிறைய. தீவில் வாழ ஆசையா, தீவில் ஆராய ஆசையா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வாழத்தான் ஆசை என்றால் அதற்குப் பட்டமே தேவையில்லை, பல நிலையங்கள் தன்னார்வலர்களை எடுக்கின்றன. ஆராயத்தான் என்றால் "எந்தத் தீவு" என்பது கடைசியில் வரவேண்டிய கேள்வி.

ஹெரான் தீவையே எடுத்துக்கொள்வோம், மனப்பாடம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். கிளாட்ஸ்டன் ஊரிலிருந்து 80 கிலோமீட்டர், படகில் இரண்டு மணி நேரம். கிரேட் பேரியர் ரீஃப் என்ற பெரும் பவளத்திட்டின் தென்பகுதியில், பவளத் துகள்கள் குவிந்து உருவான மணல்திட்டு. நீளம் 800 மீட்டர்தான், ஒரு சுற்று சுற்றி வர அரை மணி நேரம் போதும். 1950களிலிருந்து அங்கே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் நடத்துகிறது. 2007இல் பெரிய தீ விபத்து நடந்து மறுபடி கட்டினார்கள். இத்தனை புகழ் எதனால் என்றால், கடல்நீரை நேராகத் தொட்டிகளுக்குக் கொண்டுவரும் வசதி இருக்கிறது, நீர் வற்றினால் கரையிலிருந்து நடந்தே பவளத்திட்டுக்குப் போய்விடலாம். கடல் சூடானால், அமிலத்தன்மை கூடினால் பவளம் என்ன ஆகும் என்று சோதிக்க இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம்.

வீடியோவில் வராதது ஒன்று உண்டு, பறவைகள். பிசோனியா மரமெல்லாம் கருப்பு நாடி என்ற கடற்பறவையின் கூடுகள், கீழே நடந்தால் தொப்பி கட்டாயம், எச்ச நாற்றம் துணியை விட்டுப் போகாது. ராத்திரி ஷியர்வாட்டர் பறவைகள் வளைக்குள்ளிருந்து குழந்தை அழுவதுபோல் விடியவிடிய ஓலமிடும், முதல் நாள் யாருக்கும் தூக்கம் வராது. பிசோனியாவின் பிசுபிசுப்பான விதைகள் இறகில் ஒட்டிக்கொண்டு பறக்க முடியாமல் சாகிற நாடிகள் காலடியில் கிடக்கும், அது அந்தத் தீவின் இயற்கை, யாரும் எடுத்து விடமாட்டார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை பச்சை ஆமைகள் முட்டையிட ஏறும், அது வீடியோவில் பார்ப்பதைவிட நேரில் அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே பார்க்கப்போகிற பவளம் முழுக்க ஆரோக்கியமாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். கிரேட் பேரியர் ரீஃப் 2016, 2017, 2020, 2022, 2024 என்று அடுத்தடுத்துச் சூடு தாங்காமல் நிறமிழந்து வெளுத்தது, 2024இல் அடி பலமாக விழுந்தது இந்தத் தென்பகுதிக்குத்தான். இந்தத் துறையில் இன்று வேலை செய்கிறவர்கள் பாதி நேரம் சாவைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மனசு அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஸ்வால்பார்ட் முற்றிலும் வேறு கதை. அங்கே லாங்யர்பியன் ஊரில் 1993இல் தொடங்கிய பல்கலைக்கழக மையம் ஒன்று இருக்கிறது, சுருக்கமாக யூனிஸ் என்பார்கள். வட அட்சரேகை 78 டிகிரி. அதுவும் தானாகப் பட்டம் தராது, நீங்கள் வேறொரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அங்கிருந்து ஒரு பருவத்துக்கோ ஒரு பாடத்துக்கோ போகலாம். ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை என்று இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் போகிற வழி நார்வே வழி, ஆகவே ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வேண்டும், அதுவும் இரண்டு முறை நுழையும் விசா, ஏனென்றால் தீவுக்குள் போனதும் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டதாகக் கணக்கு, திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறீர்கள். இதைக் கவனிக்காமல் ஒருமுறை விசா வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. முன்பு நார்வேயில் படிப்புக் கட்டணமே இல்லை என்பார்கள், அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2023 இலையுதிர் காலத்திலிருந்து கட்டணம் வந்துவிட்டது. பழைய வீடியோவை நம்பாதீர்கள்.

வந்தவுடன் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பார்கள், பனிக்கரடிக்காக. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை சூரியன் எட்டியே பார்க்காது. செம்பூரில் மழைக்காலத்தில் நாலு நாள் வெயில் வராவிட்டாலே எரிச்சலாகும் ஆள் என்றால் யோசியுங்கள். ஆனால் அந்த இருட்டில்தான் சுவாரசியமே இருக்கிறது. ஆர்க்டிக் குளிர்காலத்தில் கடல் அடங்கிக் கிடக்கும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள், இருட்டில் போய்ப் பார்த்தால் உயிர்கள் ஓடியாடிக்கொண்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ என்கிற அளவிலான மிதவை உயிரிகள் சூரியன் இல்லாத நாட்களில் நிலவைப் பார்த்து மேலும் கீழும் போகின்றன, பௌர்ணமியை ஒட்டி மேல்மட்டத்தை விட்டு 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன என்று 2016இல் ஒரு ஆய்வு வந்தது. இதைப் படித்ததும் "அதெப்படி, எந்த வெளிச்சத்தை வைத்து" என்று உங்களுக்குள் ஏதாவது துடித்தால் ஸ்வால்பார்ட் உங்களுக்கு. துடிக்காவிட்டால் அது வெறும் குளிரான ஊர். நம் நாட்டுக்கும் அங்கே இடம் உண்டு தெரியுமா? நீ-ஓலசுன் என்ற குடியிருப்பில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது, கோவாவில் உள்ள தேசிய துருவ ஆராய்ச்சி மையம் நடத்துகிறது, பக்கத்து கோங்ஸ்ஃபியோர்டனில் 2014இல் கடலுக்கடியில் கருவிகளையும் இறக்கியிருக்கிறார்கள். ஆக இந்தியாவில் வேலை பார்த்துக்கொண்டே ஆர்க்டிக் போகிற வழியும் ஒன்று இருக்கிறது.

மற்ற தீவுகளும் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. பெர்முடாவில் 1954 முதல் ஒரே இடத்தில் கடல்நீரை அளந்துகொண்டே வருகிறார்கள், வேதியியலில் பிடிப்பு இருந்தால் அது சொர்க்கம். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் அலையிலிருந்தும் நீரோட்டத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும் கருவிகளைச் சோதிக்கிறார்கள், ஹேரியட்-வாட் பல்கலைக்கழகத்துக்கு ஸ்ட்ரோம்னஸில் வளாகமே இருக்கிறது. போர்ச்சுகலுக்குச் சொந்தமான அஸோர்ஸ் தீவுக்கூட்டத்தின் ஃபயால் தீவில் ஆழ்கடல், திமிங்கிலம். பவளம் என்றால் ஜப்பானின் ஒகினாவா தீவில் ஓ.ஐ.எஸ்.டி. என்ற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், அது முனைவர் பட்டத்துக்குத்தான், முழு உதவித்தொகையோடு, இளநிலை முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம், போட்டி கடுமை.

சரி, உங்கள் கேள்வி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீடியோ பார்த்தால் கிடைக்காது. பாந்த்ராவுக்குப் போங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மும்பைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே பெரிய நாட்களில் கிட்டத்தட்ட 5 மீட்டர் வித்தியாசம் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நடுப்பகலில் நீர் ஏறி நிற்கும், விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் நன்றாக வற்றும். செம்பூரில் முதல் லோக்கலைப் பிடித்து வடாலாவில் மாறி பாந்த்ரா இறங்கினால் கார்ட்டர் ரோடு பாறைகளுக்கு நேரத்துக்குப் போய்விடலாம். போகுமுன் ஹார்ட்வேர் கடையில் அரை அங்குல பி.வி.சி. பைப் வாங்கி நாலு எல்போ போட்டு, உள்ளளவு 50 சென்டிமீட்டர் வருகிற மாதிரி ஒரு சதுரம் செய்யுங்கள். 5 சென்டிமீட்டருக்கு ஒரு நைலான் நூல் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் 100 கட்டம். இதைக் குவாட்ரட் என்பார்கள், ஹெரானிலும் ஸ்வால்பார்டிலும் கரையில் வேலை செய்கிறவர்கள் கையில் இருப்பது இதேதான், பைப் கொஞ்சம் தடிமனாக இருக்கும். பாறைமேல் வைத்து எத்தனை கட்டத்தில் கொட்டலசு, எத்தனையில் சிப்பி, எத்தனையில் பாசி, எத்தனை வெறும் பாறை என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். கட்டங்களின் எண்ணிக்கையே சதவீதம்.

செய்து பார்த்தால்தான் இதில் உள்ள வில்லங்கம் தெரியும். கை தன்னால் சதுரத்தை அழகான இடத்தில் கொண்டுபோய் வைக்கும். கடல் தாமரை விரிந்திருக்கிற குட்டை, பேய்க்கணவாய் ஒளிந்திருக்கிற பொந்து, அங்கேதான் வைக்கத் தோன்றும். அப்படி வைத்தால் பாறை முழுக்கக் கடல் தாமரை என்று கணக்கு வந்துவிடும். அதனால் வீட்டிலேயே சீட்டுக் குலுக்கி எண் எடுத்துக்கொண்டு போய், பாறைமேல் நீட்டி வைத்த அளவு டேப்பில் அந்த மீட்டர் வந்த இடத்தில், அது எவ்வளவு அசிங்கமான இடமாக இருந்தாலும், பிளாஸ்டிக் பையும் சேறும் கிடந்தாலும், அங்கேயே வைக்க வேண்டும். நீர் திரும்ப ஏறுவதற்குள் பத்துச் சதுரமாவது முடிக்க வேண்டும், முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். பச்சைப் பொத்தான் மாதிரிக் கூட்டமாக இருக்கிற சோவாந்திட்களைத் தொடாதீர்கள், சிலவற்றில் விஷம் உண்டு. பழைய ஷூ போடுங்கள், தனியாகப் போகாதீர்கள், மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். 2017இலிருந்து மரைன் லைஃப் ஆஃப் மும்பை என்ற குழுவினர் ஹாஜி அலி, ஜுஹு, கார்ட்டர் ரோடு பக்கமெல்லாம் கரை நடை கூட்டிப்போகிறார்கள், முதல் தடவை அவர்களோடு போய்ப் பழகிக்கொள்ளலாம்.

நாலு மாதம் இப்படிப் போய் எண்ணிவிட்டு வந்தபிறகும், இந்தப் பக்கம் சிப்பி இருக்கிறது, பத்தடி தள்ளி ஏன் இல்லை என்று ராத்திரி யோசித்துக்கொண்டு படுக்கிறீர்களா? அப்படியென்றால் ஆள் தயார். அலுப்பாக இருந்ததா? அதுவும் நல்ல செய்திதான், அரைக் கோடி மிச்சம்.

அரைக் கோடி என்று சும்மா சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் இந்தப் படிப்புக்கு வெளிநாட்டு மாணவரின் கட்டணம் பெரிய பல்கலைக்கழகங்களில் வருடத்துக்கு 45,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டுகிறது. இரண்டு வருடம். அதன்மேல் தங்க, சாப்பிட வருடத்துக்கு 29,710 டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று 2024இல் விதி செய்தார்கள். விசா விண்ணப்பக் கட்டணமே 2025 ஜூலையிலிருந்து 2,000 டாலர், விசா மறுத்தாலும் அது திரும்பி வராது. இப்போது 50 லட்ச ரூபாய் கடனைப் பத்தரை சதவீத வட்டிக்கு 15 வருடத் தவணையில் போட்டுப் பாருங்கள், மாதம் 55,000 ரூபாய்க்குமேல் வரும். இங்கே நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் உதவித்தொகை மாதம் 37,000. அதாவது இந்தியா திரும்பி, நல்ல ஆராய்ச்சி இடமே கிடைத்தாலும் அந்தப் பணம் முழுவதையும் கொடுத்தும் தவணை அடையாது. அப்பாவின் முகத்தில் நீங்கள் பார்த்தது இந்தக் கணக்காகத்தான் இருக்கும். ரிட்டயர் ஆகப்போகிற மனிதரின் வீட்டை முதுநிலைப் படிப்புக்காக அடகு வைக்காதீர்கள், இந்தத் துறையில் அதற்கு ஈடான சம்பளம் தொடக்கத்தில் எங்கும் இல்லை.

பணம் கொடுத்துப் படிக்காமல் பணம் வாங்கிக்கொண்டு படிக்கிற வழிகளைத்தான் நான் தேடச் சொல்வேன். ஐரோப்பாவில் இம்பர்ஸீ என்ற பெயரில் கடல் உயிர்வளங்களுக்கான இரண்டு வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது, பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது, பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன, அஸோர்ஸும் அதில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் பணம் தருகிற இப்படிப்பட்ட எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகளில் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோவும் தருவார்கள். கடைசி ஆண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். உங்கள் ஏஜென்சி இதைச் சொல்லியிருக்காது, இதில் அவர்களுக்கு ஒன்றும் தேறாது. இடம் கிடைப்பது கஷ்டம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பிக்கிறார்கள், அங்கேதான் கார்ட்டர் ரோடு நோட்டு உதவும், மதிப்பெண் பட்டியல் எல்லோரிடமும் இருக்கும். மும்பையிலேயே ஜே.என். டாடா அறக்கட்டளை 1892இலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்குக் கடனுதவி தருகிறது, விடுபட்ட தொகைக்கு அதைப் பாருங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை உண்டு, வருமான வரம்பு உண்டு, உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால், முதுநிலையை இங்கே முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு வெளியே போங்கள் என்பேன். வெளிநாட்டில் முனைவர் ஆய்வுக்குப் பல இடங்களில் அவர்களே சம்பளம் தருகிறார்கள், அப்போதுதான் தீவில் மாதக்கணக்கில் தங்கவும் முடியும், முதுநிலை மாணவருக்குக் கிடைப்பது அந்தப் பத்து நாள்தான். இங்கே எங்கே என்கிறீர்களா? தாத்தா சிரித்ததில் நியாயம் இருக்கிறது. அவர் ஊர்க் கடலில், தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அதில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன, சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனதுதான் காரணம். தூத்துக்குடிக்கு எதிரே இருக்கிற வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்தது, செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். கோடைவிடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தாத்தாவிடம் அந்தத் தீவுகள் அவர் சின்ன வயதில் எப்படி இருந்தன என்று கேட்டு எழுதி வையுங்கள், கேலியும் நின்றுவிடும், உங்களுக்கும் தகவல். இறங்கிப் பார்க்க வனத்துறை அனுமதி வேண்டும், அது கடல் தேசியப் பூங்கா.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்திலேயே இருக்கிறது. கோவா பல்கலைக்கழகம், கொச்சியில் குசாட் பல்கலைக்கழகம் என்று இன்னும் இருக்கின்றன. தீவுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை போர்ட் பிளேயரில் இருக்கிறது, முழுப் படிப்பும் தீவிலேயே, ஹெரானில்கூடக் கிடைக்காத வசதி! இப்போது அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். லட்சத்தீவில் 1998, 2010, 2016 என்று பவளம் வெளுத்ததை அப்போதிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறவர்கள் மைசூரில் உள்ள என்.சி.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பில் இருக்கிறார்கள், பயிற்சிக்கு இடம் உண்டா என்று ஒரு மெயில் போட்டுப் பாருங்கள்.

வேலையைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், குறைவு. சி.எம்.எஃப்.ஆர்.ஐ. (கடல் மீன்வளம்), என்.ஐ.ஓ. (கடலியல்), என்.ஐ.ஓ.டி. (கடல் தொழில்நுட்பம்) மாதிரி அரசு ஆராய்ச்சி நிறுவனங்களில் நிரந்தரப் பணியிடம் எப்போதாவது வரும், நடுவில் திட்டப் பணியாளராக ஒப்பந்தத்தில் ஓட்ட வேண்டும். துறைமுகம், கடற்கரைச் சாலை, காற்றாலை என்று எது கட்டினாலும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும், ஆகவே ஆலோசனை நிறுவனங்களில் ஆள் எடுக்கிறார்கள், மும்பையில் அது அதிகம். ஹாஜி அலிப் பக்கம் கடற்கரைச் சாலைக்காகப் பவளங்களைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்களே, அந்த மாதிரி வேலைக்கும் கடல் உயிரியல் படித்தவர்கள்தான் தேவைப்பட்டார்கள். அதில் மனசாட்சி இடிக்கிற நாட்களும் வரும். இன்னொன்று, வெளிநாட்டுப் பட்டத்தோடு அரசு வேலைக்குப் போனால் அது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று சமநிலைச் சான்று கேட்பார்கள். பிரிட்டனின் ஒரு வருட முதுநிலைப் படிப்புக்கு முன்பு இதில் தகராறு இருந்தது, 2022 ஜூலையில் இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் ஆனது. சேருவதற்கு முன்பே இந்தச் சான்றைப் பற்றி விசாரியுங்கள், முடித்துவிட்டு வந்து அலையாதீர்கள். நிரல் எழுதவும் புள்ளியியலும் செயற்கைக்கோள் படங்களைக் கையாளவும் கற்றுக்கொண்டால் கடல் கைவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள், சாப்பாடு ஒரு பொருட்டே இல்லை. அரிசி, பருப்பு, ஊறுகாய் எல்லாத் தீவுக்கும் படகேறும், சமைக்கத் தெரிந்திருந்தால் அங்கே உங்களுக்கு மரியாதையும் கூடும். ஆஸ்பத்திரி பற்றிய பயம் நியாயமானது. லாங்யர்பியனில் சிறிய ஆஸ்பத்திரி உண்டு, பெரிதாக எதுவும் என்றால் விமானத்தில் த்ரோம்சோவுக்குத்தான். சின்னத் தீவுகளில் அதுவும் இல்லை, முதலுதவியும் ஹெலிகாப்டரும்தான். காப்பீட்டில் அவசர வெளியேற்றம் அடங்குமா, டைவிங் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

"பெண் தனியாக" என்று அம்மா சொல்வதை நான் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளமாட்டேன். சுறாவைவிட மனிதர்கள்தான் கவலை. களப்பணி செய்யும் விஞ்ஞானிகள் 666 பேரிடம் கேட்டு 2014இல் வெளியான ஆய்வில் 64 சதவீதம் பேர் களத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதனால் ஒரு ஆய்வுக்குழுவில் சேருமுன் களத்தில் நடத்தை விதிகள் எழுத்தில் இருக்கிறதா, புகார் என்றால் குழுத் தலைவரைத் தவிர வேறு யாரிடம் போகலாம், தீவிலிருந்து நினைத்தபோது கிளம்ப முடியுமா என்று கேளுங்கள். அப்புறம் அந்தக் குழுவில் முன்பு இருந்த பெண்கள் இருவரிடமாவது போனில் பேசுங்கள், மெயிலில் வேண்டாம், எழுத்தில் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். பதில் இழுத்தடித்து வந்தால், அல்லது "அவர் நல்ல விஞ்ஞானிதான், ஆனால்" என்று தொடங்கினால், வேறு குழு பாருங்கள்.

நீச்சல். இதைக் கடைசிக்குத் தள்ளாமல் அடுத்த வாரமே தொடங்குங்கள். செம்பூரிலேயே மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. கடல் அறிவியலில் பாதிப்பேர் டைவ் செய்வதே இல்லை, மிதவை உயிரி, வேதியியல், மரபணு, கணினி மாதிரியமைப்பு என்று உலர்ந்த உடுப்போடு பெரிய விஞ்ஞானி ஆனவர்கள் ஏராளம், ஆனால் படகில் ஏறுகிறவருக்கு நீச்சல் தெரிந்தே ஆகவேண்டும். டைவிங்கின் முதல் சான்றிதழுக்கே 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் கேட்பார்கள், அதை வைத்து 18 மீட்டர் வரை போகலாம். அது பொழுதுபோக்குச் சான்றிதழ்தான், ஆராய்ச்சிக்கு டைவ் செய்ய ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தனி விதிகள், தனிப் பயிற்சி. முதல் படியை இங்கேயே முடிக்கலாம், குடாலில் ரயில் இறங்கினால் மால்வண், தார்க்கர்லி பக்கம்.

ஆனால் டைவிங்குக்குப் பணம் கட்டுமுன் அந்தப் பின்குறிப்பைப் பார்க்க வேண்டும், கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் போட்டிருக்கிறீர்களே, அந்த வீசிங். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே சுவாசித்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், வெளியே போக வழி வேண்டும். மூச்சுக்குழாய் எங்கேயாவது சுருங்கிக் காற்று மாட்டிக்கொண்டால் நுரையீரலில் கிழிசல் விழலாம், காற்றுக் குமிழி ரத்தத்தில் போய்விடலாம், அதுவும் ஆஸ்பத்திரி இல்லாத தீவில். இதற்காகப் பயந்துவிட வேண்டாம், சின்ன வயதில் வீசிங் இருந்து போனவர்கள் பலருக்கு டைவிங் அனுமதி கிடைக்கத்தான் செய்கிறது. நெஞ்சு மருத்துவர் ஒருவரைப் பார்த்து, டைவிங்குக்காகக் கேட்கிறேன் என்று தெளிவாகச் சொல்லி, ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை எடுங்கள், உடற்பயிற்சி செய்ய வைத்து அதன்பிறகும் ஒருமுறை ஊதச் சொல்வார்கள். சான்றிதழ்ப் படிவத்தில் ஆஸ்துமா இருந்ததா என்ற கேள்விக்கு நேரே இல்லை என்று டிக் அடித்துவிட்டுப் போகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது, அதை மட்டும் செய்யாதீர்கள். வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் ஹெரானில் தொட்டி ஆராய்ச்சியும், ஸ்வால்பார்டில் மிதவை உயிரியும், கார்ட்டர் ரோடு பாறையும் அப்படியே இருக்கின்றன, எதற்கும் டாங்க் மாட்ட வேண்டியதில்லை. ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதை வைத்துப் பேசலாம்.